கரித்துண்டில் ஒரு நகரம் – கேத்தே கோல்விட்ஸ்

ஓவியம் என்றால் வண்ணம், வண்ணம் என்றால் அழகு... பலருடைய நினைப்பு இப்படித்தான் இருக்கிறது. ஒரு தாளும் ஒரு கரித்துண்டும் இருந்தாலே ஒரு நகரம் மறைத்து வைத்த பாதியைக் காட்டிவிடலாம் என்று நிரூபித்தவர் ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ்.

1867-ல் கோனிக்ஸ்பெர்க் நகரில் (இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்) பிறந்தவர். 1891-ல் மருத்துவர் கார்ல் கோல்விட்ஸைத் திருமணம் செய்துகொண்டு பெர்லினுக்கு வந்தார். அவர்கள் குடியேறியது தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. தெருவைப் பார்த்தபடி ஒரு கட்டடம், அதன் பின்னால் ஒரு முற்றம், முற்றத்துக்குப் பின்னால் இன்னொரு கட்டடம். உள்ளே போகப் போக வெளிச்சம் குறையும், வாடகையும் குறையும்!

கார்ல் வைத்தியம் பார்த்தது பெரும்பாலும் ஏழைகளுக்கு. அவரைத் தேடி வந்த பெண்கள் கேத்தேயிடமும் தங்கள் கஷ்டங்களைச் சொன்னார்கள். அந்த முகங்கள்தான் அவருடைய ஓவியங்களில் வந்து உட்கார்ந்தன.

அப்போது பெர்லினில் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கும் பெண்கள் ஏராளம். நம் ஊரில் 'பீஸ் ரேட்' என்கிறோமே, அதே கணக்குத்தான். எத்தனை உருப்படி தைத்தார்களோ அதற்குத்தான் கூலி. 1906-ல் இந்த வீட்டுத் தொழில் பற்றி பெர்லினில் ஒரு கண்காட்சி நடந்தது. அதற்கு கேத்தே வரைந்த சுவரொட்டியில் இருந்தது களைத்துப் போன ஒரு பெண்ணின் முகம், அவ்வளவுதான். அந்தச் சுவரொட்டி இருக்கும்வரை வரமாட்டேன் என்று பேரரசி மறுத்துவிட்டார்!

1908 முதல் மியூனிக்கில் வெளிவந்த 'சிம்ப்ளிசிசிமுஸ்' என்ற நையாண்டி வார இதழுக்குக் கரியால் வரையத் தொடங்கினார். அதில் ஒரு படம், தைத்துத் தைத்து அசந்துபோய் மேசை மேலேயே தலை சாய்த்துத் தூங்கும் பெண். கண்ணீர் இல்லை, கூக்குரல் இல்லை. வெறும் தூக்கம். ஆனால் பார்ப்பவருக்குத் தூக்கம் வராது.

ஏன் கரி? வில்லோ மரக் குச்சிகளைக் காற்றுப் புகாமல் சுட்டெடுத்தால் வரைகரி கிடைத்துவிடும். செம்புத் தகட்டில் கீறி அமிலத்தில் அரிக்கும் வேலைக்கு நாள் கணக்கில் ஆகும். கரியில் கை வேகமாக ஓடும். விரலால் தேய்த்தால் புகை மாதிரி மென்மை, அழுத்தினால் அடர்ந்த இருட்டு. இருட்டு அறைகளை வரைய இதைவிடப் பொருத்தமான கருவி ஏது?

1914-ல் இளைய மகன் பீட்டர் போர்முனையில் இறந்தான். 1919-ல் பிரஷ்யக் கலைக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் கேத்தே. 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அங்கிருந்து விலக வைக்கப்பட்டார். அதே ஆண்டு கரியால் தன்னையே வரைந்துகொண்டார். வயதான முகம் நிதானமாக இருக்கிறது. தோளிலிருந்து கைவரை மட்டும் மின்னல் போல ஒரு வளைந்து நெளிந்த கோடு. பதவியைப் பறிக்கலாம், அந்தக் கையை என்ன செய்வது?

1943-ல் குண்டுவீச்சில் வீடு அழிந்தது. 1945 ஏப்ரல் 22 அன்று, போர் முடிய இரண்டு வாரங்களே இருந்தபோது, கேத்தே காலமானார். அவர் வாழ்ந்த தெருவுக்கு இன்று அவர் பெயர்தான். பேரரசி பார்க்க மறுத்த முகங்களையோ உலகம் அருங்காட்சியகங்களில் வரிசையில் நின்று பார்க்கிறது.