குதிரைக்கு யார் வழக்காடினார்?

2017 சனவரியில் சென்னை மெரினாக் கடற்கரையில் இளைஞர் திரண்டு சல்லிக்கட்டுக்காகக் குரல் எழுப்பியபோது, நம் நாட்டுத் தமிழரிடையேயும் அது எதிரொலித்தது. அன்று பலர் வாயிலும் ஒரு வினா இருந்தது: குதிரைப் பந்தயத்தை விட்டுவிட்டுக் காளை விளையாட்டை மட்டும் தடை செய்வது எந்த நீதி? வினா நேர்மையானதே. ஆயின் அது காளையைக் களத்தில் இறக்குவதற்கே பயன்பட்டது; குதிரையைக் களத்தினின்று மீட்பதற்கு எவரும் அதனைப் பயன்படுத்தவில்லை.

வரலாற்றைப் புரட்டினால் இது புதிதன்று என்பது விளங்கும். 1974-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. பந்தயத்தில் பொருளிழந்து குடும்பங்கள் சீரழிவதைத் தடுப்பதே நோக்கம். கிண்டியில் பந்தயம் நடத்திவந்த கழகம் நீதிமன்றத்தை நாடிற்று. நெடுங்காலம் நீண்ட அவ்வழக்கில், 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் வெறும் சூதன்று, திறன் சார்ந்த ஆட்டமே எனத் தீர்ப்பளித்தது. மனிதனின் பணமும் மனிதனின் திறனும் அங்கே எடைபோடப்பட்டன. குதிரையின் குலமும் வேகமும்கூடத் திறனை அளக்கும் சான்றுகளாயின; அதன் வலி வழக்கின் பொருளாகவில்லை.

காளையின் கதை வேறு. 2011 சூலையில் நடுவண் அரசு, வித்தைக்குப் பழக்கவோ காட்சிப்படுத்தவோ கூடாத விலங்குகளின் பட்டியலில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றோடு காளையையும் சேர்த்தது. குதிரை அப்பட்டியலில் இல்லை. 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தபோது, வாலை முறுக்குதல், கடித்தல், கண்ணிலும் மூக்கிலும் எரிச்சலூட்டும் பொருள்களைத் தடவுதல் முதலிய கொடுமைகள் ஒவ்வொன்றாகப் பேசப்பட்டன. பின்னர்த் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியதும், 2023 மே 18-இல் ஐவர் அமர்வு அத்திருத்தத்தை ஏற்றதும் யாவரும் அறிந்ததே. முடிவு எதுவாயினும், விலங்கின் துன்பம் அங்கே விசாரிக்கப்பட்டது.

இக்குழப்பம் பிரிட்டனிலும் பழையது. 1924-இல் வெம்பிளியில் நடந்த அமெரிக்க ரோடியோவுக்கு எழுந்த கண்டனத்தின் விளைவாக, பழக்கப்படாத குதிரையையும் காளையையும் கயிறெறிந்து வீழ்த்தும் காட்சிகளை 1934-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. டெர்பி பந்தயமோ தொடர்ந்தது. தடைகளற்ற சமதரை ஓட்டத்தில் ஆறு சாட்டையடி வரை போகலாம் என்பது அந்நாட்டில் 2023-இல் வந்த விதி. ஆறாவது அடி விளையாட்டாம். ஏழாவது அடிதான் குற்றமாம்!

நமக்கு அணித்தே, நீரிணைக்கு அப்பால், 1842-இல் தோன்றிய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகம் தன் கடைசிப் பந்தயத்தை 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கிராஞ்சியில் நடத்தியது. குதிரைக்கு இரங்கியா மூடினார்கள்? இல்லை, வீடமைப்பு முதலிய தேவைகளுக்கு நிலம் வேண்டியிருந்தது. அதற்கு முந்திய மாதம் கிண்டித் திடலைத் தமிழ்நாட்டு அரசு முத்திரையிட்டதும் குத்தகை நிலுவைக்காகவே. கிராஞ்சிக் குதிரைகளுட் சில மலேசியத் திடல்களுக்கு வந்தன. இங்கே 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 சூலை முதல் நடைமுறையில் உள்ளது. கொடுமைக்கு இருபதாயிரம் முதல் ஓரிலட்சம் வெள்ளிவரை தண்டமும், மூன்றாண்டுவரை சிறையும் விதிக்கும் அச்சட்டத்தின் காவல், நீரிணையைக் கடந்து வந்த அக்குதிரைகளுக்கும் உரியது.