வேளாங்கண்ணிக்கு காரில் கிளம்புறீங்களா? அந்தக் குட்டி 5 வாட்ஸ் பல்பை ஒருமுறை பாருங்க!

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். இந்த நாள்களில் நாகப்பட்டினம் பக்கம் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும்... ரோட்டின் ஓரம் முழுக்க மனிதர்கள். சென்னை, புதுச்சேரி, திருச்சி என்று எங்கெங்கிருந்தோ காவி உடுத்தி, வேளாங்கண்ணியை நோக்கி நடந்து வருகிறவர்கள். வெயிலுக்குப் பயந்து பலரும் நடப்பது விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான். அதே ரோட்டில் டிராக்டர், சைக்கிள், டூரிஸ்ட் பஸ், நெல் அறுவடை இயந்திரம், கூடவே உங்கள் காரும்!

மணி ஆறரை. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. டேஷ்போர்டு பளிச்சென்று மின்னுகிறது. முன்னால் டி.ஆர்.எல் எரிகிறது. 'லைட்தான் எரியுதே' என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால், உங்களுக்குப் பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு உங்கள் கார் கிட்டத்தட்ட ஒரு நிழல்தான். ஏன்னா, பெரும்பாலான கார்களில் டி.ஆர்.எல் எரிந்தால் பின்பக்க விளக்கு எரியாது!

இந்தச் சின்ன லைட்டுகள் என்ன, எப்படி செக் பண்றது, ஃபியூஸ் போன பல்பை வீட்டிலேயே எப்படி மாற்றுவது... வாங்க, வரிசையா பார்த்துடலாம்.

பார்க்கிங் லைட் வேற, டி.ஆர்.எல் வேற!

ஹெட்லைட் சுவிட்ச்சை முதல் கிளிக் திருப்பினால் எரிவதுதான் பார்க்கிங் லைட். சைடு லைட் என்றும் சொல்வார்கள். முன்னால் இரண்டு வெள்ளை, பின்னால் இரண்டு சிவப்பு, கூடவே நம்பர் பிளேட் லைட். 'என் கார் இவ்வளவு அகலம், இங்கேதான் இருக்கு' என்று மற்றவர்களுக்குச் சொல்வதுதான் இதன் வேலை. ரோட்டைக் காட்டுவது இதன் வேலை இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் பார்க்கிங் லைட்டுக்கென்று தனி விதியே இருக்கிறது. முன்பக்கம் வெள்ளை அல்லது ஆம்பர், பின்பக்கம் சிவப்பு. நீலம், பச்சை, பர்ப்பிள் எல்லாம் கணக்கிலேயே கிடையாது.

டி.ஆர்.எல் என்பது பகலில் எரியும் விளக்கு. இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் தானாக எரியும். குளிர்கால இருட்டு அதிகம் உள்ள நாடுகளில் பிறந்த ஐடியா இது. ஸ்வீடனில் 1977-லேயே பகலிலும் விளக்கு கட்டாயம் ஆனது. ஐரோப்பிய யூனியனில் 2011 பிப்ரவரியிலிருந்து புது மாடல் கார்களுக்கு டி.ஆர்.எல் கட்டாயம். நம்ம ஊரில் 2017 ஏப்ரல் 1 முதல் புது டூ வீலர்களில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறதே, அதுவும் இதே லாஜிக்தான்.

ஆக, டி.ஆர்.எல் பகலுக்கு, பார்க்கிங் லைட் நிற்கும்போது, ஹெட்லைட் இருட்டில் ஓட்டும்போது. பொழுது சாயும்போது சுவிட்ச்சைத் திருப்ப வேண்டியது நீங்கள்தான். 'ஆட்டோ' மோடு இருந்தால்கூட மழை, பனி நேரத்தில் அதை முழுசா நம்ப வேண்டாம். மார்கழி, தை மாதத்தில் டெல்டா வயல்களின் மேல் பனி இறங்கும் காலையில் வெளிச்சம் இருக்கும். ஆனால் பார்வை இருக்காது. வெளிச்சத்தை மட்டும் அளக்கும் சென்சாருக்கு அது புரியாது.

ஒரு நிமிஷ செக்கிங்

கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் காரை ஒரு சுவரைப் பார்த்து நிறுத்துங்கள். பார்க்கிங் லைட்டைப் போடுங்கள். சுவரில் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் விழுகிறதா? அப்படியே பின்பக்கமும் நம்பர் பிளேட்டும். உதவிக்கு ஆள் இல்லையா? போனை வீடியோ மோடில் வைத்து காருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வீடியோவே சாட்சி சொல்லிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பல்பு. இரண்டு பக்கமும் சேர்ந்து எரியவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது சுவிட்ச். ஆனால், பல கார்களில் இடது, வலது பார்க்கிங் லைட்டுக்குத் தனித்தனி ஃபியூஸ் இருக்கும். ஒரு பக்கம் முன்னாலும் பின்னாலும் சேர்ந்து அணைந்திருந்தால் அந்தப் பக்க ஃபியூஸைப் பாருங்கள்.

இதெல்லாம் ரிப்பேரே இல்லை!

ஆட்டோ எலெக்ட்ரீஷியனைத் தேடி ஓடுவதற்கு முன் இதைப் படிச்சிடுங்க.

* இண்டிகேட்டர் போட்டதும் அந்தப் பக்க டி.ஆர்.எல் அணைகிறதா? பல கார்களில் அது டிசைனே அப்படித்தான். இண்டிகேட்டர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.
* ஹெட்லைட் போட்டதும் டி.ஆர்.எல் மங்குகிறதா? இரவில் எதிரே வருபவரின் கண் கூசாமல் இருக்க, தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து பார்க்கிங் லைட்டாக மாறுகிறது.
* ஹேண்ட்பிரேக் போட்டால் டி.ஆர்.எல் அணைகிறதா? சில மாடல்களில் அப்படித்தான்.
* சாவியை எடுத்த பிறகும் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங் லைட் எரிகிறதா? சில ஐரோப்பிய கார்களில் இண்டிகேட்டர் லீவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு இறங்கினால் அந்தப் பக்கம் மட்டும் எரியும். குறுகலான தெருவில் நிறுத்துவதற்கான வசதி அது. லீவரை நடுவில் வைத்தால் சரியாகிவிடும்.

என்ன பல்பு வாங்கணும்?

கார் மேனுவலில் 'பல்பு' பகுதியைப் பாருங்கள். மேனுவல் இல்லை என்றால், பழைய பல்பைக் கழற்றி கடைக்கு எடுத்துட்டுப் போங்க. அதன் அடியிலேயே எழுதியிருக்கும்.

டபிள்யூ5டபிள்யூ: பார்க்கிங் லைட்டில் அதிகம் பார்ப்பது இதுதான். கடையில் 'டி10' என்றாலும் கொடுப்பார்கள். சுண்டுவிரல் நுனி அளவுக்கு முழுக் கண்ணாடி. உலோக அடிப்பாகம் கிடையாது. 12 வோல்ட், 5 வாட்ஸ். விலையும் குறைவுதான்.

பி21/5டபிள்யூ, டபிள்யூ21/5டபிள்யூ: ஒரே பல்புக்குள் இரண்டு இழை. 21 வாட்ஸ் இழை டி.ஆர்.எல் அல்லது பிரேக் லைட்டுக்கு. 5 வாட்ஸ் இழை பார்க்கிங் லைட்டுக்கு. டி.ஆர்.எல் எரிகிறது, பார்க்கிங் லைட் மட்டும் எரியவில்லை என்றால் இரண்டில் ஒரு இழை மட்டும் போயிருக்கலாம்.

எச்15: ஹை பீமுக்கு 55 வாட்ஸ், டி.ஆர்.எல்-லுக்கு 15 வாட்ஸ். இது ஹாலஜன். கண்ணாடியை வெறும் கையால் தொடாதீங்க. விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசை ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரமே போய்விடும்.

எல்.இ.டி டி.ஆர்.எல்: புது கார்களில் பெரும்பாலும் இதுதான். இதில் மாற்றுவதற்குப் பல்பே இல்லை. பம்பரில் தனியாக இருந்தால் அந்த யூனிட்டை மட்டும் மாற்றலாம். ஹெட்லைட்டுக்குள்ளேயே பதித்திருந்தால் பல மாடல்களில் முழு ஹெட்லைட்டையே மாற்றச் சொல்வார்கள். செலவு பெரிது. அதனால் வாரன்ட்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கப்ளர் லூஸா, ஃபியூஸ் போயிருக்கா என்பதையும் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

எந்தப் பல்பாக இருந்தாலும் ஜோடியாக மாற்றுவது நல்லது. இரண்டும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவை. ஒன்று ரிட்டயர் ஆனால் இன்னொன்றும் ரொம்ப நாள் தாங்காது.

மாற்றலாம் வாங்க!

1. இன்ஜினை ஆஃப் செய்து, லைட் சுவிட்ச்சை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். ஓட்டிவந்த கார் என்றால் பத்து, பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள்.

2. பானெட்டைத் திறந்து ஹெட்லைட்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ரப்பர் மூடியோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கும். கழற்றுங்கள். சில கார்களில் பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி அல்லது வைப்பர் தண்ணீர்க் குழாய் வழியை மறைக்கும். இன்னும் சிலவற்றில் முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பில் சின்ன கதவு மாதிரி இருக்கும். ஸ்டீயரிங்கை முழுசா திருப்பினால் கை உள்ளே போகும்.

3. பார்க்கிங் லைட் ஹோல்டரைக் கண்டுபிடியுங்கள். ஹெட்லைட் பல்பை விடச் சின்னதாக, இரண்டு ஒயர் மட்டும் வருவது அதுதான். சிலவற்றில் கால் சுற்று கடிகார எதிர்த்திசையில் திருப்பினால் கையோடு வரும். சிலவற்றில் நேராக இழுத்தாலே போதும். ஒயரைப் பிடித்து இழுக்காதீங்க, ஹோல்டரைப் பிடிங்க.

4. டபிள்யூ5டபிள்யூ பல்பை நேராக இழுத்தால் வந்துவிடும். திருகக் கூடாது. பின் வைத்த பி21/5டபிள்யூ என்றால் லேசாக அழுத்தித் திருப்ப வேண்டும். இரண்டு பின்களும் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாக நுழைத்தால் மாட்டாது, பலத்தைக் காட்டாதீங்க.

5. பழைய பல்பைப் பாருங்கள். கண்ணாடி கறுத்திருந்தால், இழை அறுந்திருந்தால் விஷயம் முடிந்தது. நன்றாகவே இருந்தால்? அதைக் கழற்றி அடுத்த பக்க ஹோல்டரில் மாட்டுங்கள். அங்கே எரிந்தால் பல்பு நல்ல பல்பு. கோளாறு ஒயரிலோ ஹோல்டரிலோ.

6. புது பல்பை சுத்தமான துணியால் பிடித்து அழுத்தி மாட்டுங்கள். மூடியைப் போடும் முன்பே லைட்டைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் மூடிய பிறகு 'அய்யோ, எரியலையே' என்று திரும்ப ஆரம்பிப்பது கொடுமை.

7. ஹோல்டரைத் திருப்பிப் பூட்டி, ரப்பர் மூடியைச் சுற்றிலும் சரியாக உட்காரவையுங்கள். இதில் சோம்பேறித்தனம் பட்டால் முதல் மழையிலேயே ஹெட்லைட்டுக்குள் நீர்த்துளி பூத்துவிடும்.

உடைந்த பல்பு உள்ளே சிக்கிக்கொண்டால் வெறும் கையை விடாதீங்க. கையுறை போட்டு, மூக்குக் குறடால் மெதுவாக எடுங்கள்.

கடல்காற்று செய்யும் வேலை

வேளாங்கண்ணி, நாகூர், காரைக்கால் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இது ஸ்பெஷல். புது பல்பு போட்டும் மினுமினுக்கிறது அல்லது மங்கலாக எரிகிறது என்றால் ஹோல்டரின் செம்பு, பித்தளைத் தகடுகளைப் பாருங்கள். பச்சையாக பூத்திருக்கும். உப்புக் காற்றின் கைங்கர்யம். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். மின்சாரம் கடத்தாத கிரீஸை ஒரு பொட்டு வைத்தால் ஈரம் அண்டாது. அப்படியும் சரியாகவில்லை என்றால் எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தில் துரு பிடித்திருக்கலாம். அதை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

எல்.இ.டி பல்பு போடலாமா ப்ரோ?

ஆசை புரிகிறது. ஆனால், பழைய பல்புக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி போட்டால் வெளிச்சம் சரியாகப் பரவாது. மேலும், எல்.இ.டி குறைந்த கரன்ட் எடுப்பதால் சில கார்கள் 'பல்பு போயிடுச்சு' என்று டேஷ்போர்டில் எச்சரிக்கும். மாட்டியதும் எரியவில்லை என்றால் திருப்பி மாட்டிப் பாருங்கள், எல்.இ.டி-க்கு பிளஸ், மைனஸ் உண்டு. ஒயரை வெட்டி ஒட்டினால் வாரன்ட்டிக்கும் சிக்கல். கம்பெனி போட்ட அதே வகை பல்புதான் பாதுகாப்பு.

ராத்திரி முழுக்க எரியவிடலாமா?

திருவிழா நேரத்தில் ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பாதுகாப்புக்காக பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் என்ன ஆகும்? கணக்கு சிம்பிள். நான்கு 5 வாட்ஸ் பல்பு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று... மொத்தம் 25 வாட்ஸ். 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர்-ஹவர் காலி. உங்கள் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர் என்றால், பாதிக்கு மேல் போயிருக்கும். கொஞ்சம் பழைய பேட்டரி என்றால் காலையில் 'டிக் டிக்' சத்தம்தான்! ஹசார்டு லைட் இன்னும் மோசம். 21 வாட்ஸ் பல்பு நான்கு விட்டுவிட்டு எரியும். பாதி நேரம்தான் எரிகிறது என்றாலும் சராசரி 42 வாட்ஸ்.

அதனால் சில மணி நேரத்துக்குப் பார்க்கிங் லைட் ஓகே. இரவு முழுக்க என்றால் ரோட்டை விட்டு இறக்கி, பார்க்கிங் இடத்தில் நிறுத்துவதுதான் சரி. நடுவழியில் கார் நின்றுவிட்டால் ஹசார்டோடு சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தையும் தள்ளி வையுங்கள். பல்பு போனால்கூட அது எரியும். வருகிற வண்டியின் வெளிச்சத்திலேயே மின்னும்.

தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 90 கிலோமீட்டர். வழியில் நடந்து போகிறவரிடம் உங்கள் காரைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை. அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளும் இரண்டு சிவப்புப் புள்ளிகளும்தான். ஒரு பல்பு போன காரை இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் பைக் மாதிரிதான் தெரியும். 'பைக்தானே, இடம் இருக்கு' என்று ரோட்டோரம் நடப்பவர் ஒதுங்காமல் விட்டால்?

டேங்க் ஃபுல் பண்றீங்க, காத்து பிடிக்கிறீங்க, பிளேலிஸ்ட் ரெடி பண்றீங்க. அப்படியே காரை ஒரு சுத்து சுத்தி வந்து, நாலு லைட்டும் எரியுதான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க!