சஹனுக்கு வெளியே இருந்தவர்கள்

நமது கலியாண வீடுகளிலும் கந்தூரிகளிலும் சஹன் வைத்துச் சாப்பிடும் வழக்கத்தை நாம் பெருமையாகப் பேசுவதுண்டு. தட்டு என்று பொருள்படும் இந்த அறபுச் சொல், நமது பேச்சில் பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டைக் குறிக்கிறது. பொதுவாக ஒரு சஹனுக்கு ஆறு பேர். முதலாளியும் மூட்டை சுமப்பவரும் ஒரே சோற்றில் கை வைப்பார்கள். இது பொய்ப் பெருமையல்ல. ஆனால் அந்த ஆறு பேரும் எழும்பிய பிறகு உண்டவர்கள் யார் என்பதும் நமது வரலாறுதான்.

ஆண்களின் சஹன்கள் முதலில் பந்தலுக்குப் போகும். பெண்களுக்கு உள்வீட்டில், பெரும்பாலும் பிறகுதான். வெங்காயம் உரிக்கவும் கிடாரம் கழுவவும் வந்த ஏழைப் பெண்களுக்கு அதற்கும் பிறகு, பின்வளவில். எல்லாம் ஒரே கிடாரத்துச் சோறு. யார் முன், யார் பின் என்பதில்தான் வேறுபாடு.

அன்றாடச் சாப்பாட்டிலும் இதே வரிசைதான். கிழக்கிலங்கையில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுகிறது. மாப்பிள்ளை அங்கு வந்து குடியிருக்கிறார். வீடு அவளுடையதாக இருந்தும், மீனின் நடுத்துண்டு வாப்பாவுக்கும் மருமகனுக்கும் போனது. வாலும் மிஞ்சிய ஆணமும் பெண்களுக்கு. "நீங்க தின்னுங்க மகன், எனக்குப் பசிக்கல்ல" என்ற உம்மாவின் சொல்லை நம்பித்தான் நாங்கள் வளர்ந்தோம்.

பஞ்ச காலத்தில் இந்த வரிசையின் விலை கூடியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது. 1953இல் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. 1970களின் தட்டுப்பாட்டில் மரவள்ளிக்கிழங்கு பல வீடுகளில் சோற்றின் இடத்தைப் பிடித்தது. பாணுக்கு வரிசையில் நின்றார்கள். வசதியானவர்கள் சம்பா அரிசி வாங்கினார்கள். இல்லாதவர்கள் கூப்பன் அரிசியில் கல் பொறுக்கினார்கள். கூப்பன் புத்தகம் ஆளுக்கு ஒன்று. பெண்ணின் பெயரிலும் ஒன்று இருந்தது. அரசு அவளையும் ஓர் ஆளாகக் கணக்கெடுத்தது. ஆனால் அவள் பெயரில் வந்த அரிசி பானைக்குள் போனதும் அவளது பங்கு கடைசிப் பங்காகியது. பானை சிறுத்தபோது முதலில் குறைந்ததும் அந்தப் பங்குதான்.

இந்த வரிசைக்கு மார்க்கத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. உணவு கொண்டுவரும் பணியாளைக் கூட இருத்துமாறும், இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் கடித்த எலும்பில், அவர்கள் வாய் வைத்த இடத்திலேயே நபியவர்களும் வாய் வைத்து உண்டதாக ஹதீஸ் உண்டு.

இப்போது மண்டபங்களில் மேசை போட்டுச் சாப்பிடுகிறோம். சஹன் குறைந்துவருகிறது என்று கவலைப்படுகிறோம். அந்தக் கவலை நியாயமானதே. அண்மையில் வகுப்பில், "உங்கட வீட்டில கடைசியாச் சாப்பிடுறது யாரு?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "உம்மா." ஒரு பிள்ளை மட்டும், "எங்கட வீட்டில வேலைக்கு வாற மாமி" என்றது. சஹனைக் காப்பாற்ற விரும்பும் நாம், இந்த இருவருக்கும் அதில் இடம் வைத்த பிறகே பிஸ்மில் சொல்ல வேண்டும்.