‘பின்’ என்னும் சொல்லும் தாயின் காப்புரிமையும்

ஒரு சொல்லுக்குக் கொள்ளும் பொருளால் நூற்பா முழுவதன் கருத்தும் வேறுபடுதலை உரைநூல் பயின்றார் நன்கறிவர். சட்ட நூற்பாவிலும் இஃது நிகழும் என்பதற்கு, 1956ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாண்மைச் சட்டத்து ஆறாம் பிரிவு சான்றாகின்றது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

மகனுக்கும் மணமாகா மகளுக்கும் இயற்கைக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பின் தாய் என்பது அப்பிரிவின் விதி. ஐந்து ஆண்டு நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருத்தல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. ஆகவே பாலூட்டி வளர்க்கும் பொறுப்பு தாய்க்கும், குழந்தையின் பொருளையும் உரிமையையும் பேணும் அதிகாரம் தந்தைக்குமாகப் பிரிந்து நிற்றலைக் காண்கின்றோம். மணவுறவின்றிப் பிறந்த குழந்தைக்கு மட்டும் தாய் முன்னும் தந்தை பின்னுமாக வரிசை மாறுகின்றது.

தந்தைக்கு முதன்மை தரும் இக்கருத்து இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் குழந்தைகள்மீது தந்தையின் உரிமையே ஓங்கி நின்றது. ஏழு ஆண்டிற்குட்பட்ட குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தை வேண்டும் உரிமையைத் தாய் 1839ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெற்றாள். கரோலின் நார்ட்டன் என்னும் எழுத்தாளர் தம் மக்களைப் பிரிந்த துயரினின்று எழுப்பிய கிளர்ச்சி அச்சட்டத்திற்குப் பெருந்துணையாயிற்று. இருவர்க்கும் ஒத்த உரிமை அந்நாட்டில் சட்டமாதற்கு 1973ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கு இயற்றப்பெற்ற 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமும், தகுதியுடைய தந்தை உயிருடன் இருக்கப் பிறரைக் காப்பாளராக அமர்த்துதல் கூடாது என்றது. அவ்விடத்தில் தாயையும் உடன்சேர்த்த திருத்தம் 2010இல்தான் வந்தது.

இனி ஆறாம் பிரிவிற்கு வருவாம். தந்தை உயிருடனிருந்தும், நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்து மகளின் நலத்தில் கருத்துச் செலுத்தாத ஒரு வழக்கில், தாயையே இயற்கைக் காப்பாளராகக் கொள்ளலாம் என 1970இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. எனினும் அஃது அவ்வழக்கின் தனி நிலை பற்றிய முடிபாகவே நின்றது. 1984இல் நாவலாசிரியர் கீதா ஹரிஹரன் தம் இளமகன் பெயரில் கடன் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். தந்தையின் கையொப்பம் வேண்டும் என ரிசர்வ் வங்கி அதனைத் திருப்பி விடுத்தது. அப்பிரிவு அரசியலமைப்பின் 14, 15ஆம் உறுப்புகளுக்கு மாறானது என்று அவர் வழக்குத் தொடுத்தார்.

1999 பிப்ரவரியில் வெளிவந்த தீர்ப்பு அப்பிரிவை நீக்கவில்லை, பொருளை மாற்றிற்று. ‘பின்’ என்பது தந்தையின் வாழ்நாளுக்குப் பின் என்று மட்டும் பொருள்படாது. தந்தை இல்லாதவிடத்து என்றும் பொருள்படும். அவ்வின்மை பிரிவினாலும் நோயினாலும் புறக்கணிப்பினாலும் நேரலாம் என்பது அதன் துணிபு.

தமிழிற் ‘பின்’ காலத்தையும் இடத்தையும் உணர்த்தும். தொல்காப்பியம் அதனை ஏழாம் வேற்றுமைப் பொருள் உணர்த்தும் சொற்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. ஆயினும் ‘எனக்குப் பின் என் மகன்’ என்னும் வழக்கில் இறப்பே புலப்படும். எனவே நீதிமன்றம் கொண்டது சொல்லின் நேர்ப்பொருள் அன்று. நூல் முழுவதற்கும் முரணாவண்ணம் கொண்ட பொருள் என்க. அரசியலமைப்பின் சமன்மை கெடாதிருக்க வேறு வழியின்மையின் அஃது ஏற்புடைத்தே.

ஆனால் குறை முற்றும் தீர்ந்ததோ எனின், இல்லை என்போம். தந்தை உடனிருந்து பேணும் இல்லத்தில் தாய் இன்றும் இரண்டாமிடத்தவளே. அவள் உரிமை கணவனின் இன்மையை நிறுவியே பிறக்கின்றது. இருவரையும் ஒப்பக் கொள்க எனச் சட்ட ஆணையம் 1989இலும் 2015இலும் பரிந்துரைத்தும் அச்சொல் நூற்பாவில் அப்படியே நிற்கின்றது. உரையாசிரியர் நூற்பாவைக் காக்கலாம். திருத்துதல் நூல் செய்தார் கடன். ‘பின்’ என்பது நின்றவிடத்து ‘உம்’ என்னும் இடைச்சொல் அமையும் நாளிலேயே தந்தையும் தாயும் ஒத்த காப்பாளராவர்.