புனித தோமையார் மலை

புனித தோமையார் மலை அல்லது பரங்கிமலை என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையின் தென்பகுதியில், மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்துக்கு அருகில் அமைந்துள்ள ஒரு குன்று ஆகும். ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள இக்குன்றின் உச்சியில் 1523 ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் எழுப்பிய எதிர்பார்ப்பு அன்னை ஆலயம் உள்ளது. இயேசுவின் பன்னிரு சீடர்களுள் ஒருவரான தோமா இக்குன்றில் கொல்லப்பட்டார் என்பது கிறித்தவ மரபு. ஆலயத்தின் பலிபீடச் சுவரில் பதிக்கப்பட்டுள்ள கற்சிலுவை, இடைக்காலத்தைச் சேர்ந்த பகலவி எழுத்துக் கல்வெட்டைக் கொண்டது. இந்தியாவில் கிடைத்துள்ள மிகப் பழைய கிறித்தவச் சின்னங்களுள் இதுவும் ஒன்று.

பெயர்

ஐரோப்பியரைக் குறிக்கும் "பரங்கி" என்ற சொல்லிலிருந்து பரங்கிமலை என்ற பெயர் வந்ததாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. பிருங்கி முனிவர் தவம் செய்த "பிருங்கி மலை" என்பதே பரங்கிமலை எனத் திரிந்தது என்பது இவ்வூர் நந்தீசுவரர் கோயிலைச் சார்ந்த மரபு. ஒரே குன்றை இரு சமயத்தாரும் தத்தம் மரபுவழி நினைவுகூர்வதை இப்பெயர் விளக்கங்கள் காட்டுகின்றன.

தோமா மரபு

தோமா கி.பி. 52 இல் கேரளக் கடற்கரைக்கு வந்தார் என்றும், கி.பி. 72 இல் மயிலாப்பூர் அருகே இறந்தார் என்றும் இந்தியக் கிறித்தவர்கள் நம்புகின்றனர். இதற்குச் சமகாலச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அவரது இறப்பைப் பற்றிய செய்திகளும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

* மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுதப்பட்ட "தோமாவின் பணிகள்" என்னும் நூல், மன்னன் ஒருவனின் ஆணைப்படி வீரர்கள் நால்வர் அவரை மலையொன்றில் ஈட்டியால் குத்திக் கொன்றதாகக் கூறுகிறது.
* பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மயில் வேட்டையாடிய ஒருவன் எய்த அம்பு தவறுதலாகப் பட்டு அவர் இறந்ததாக எழுதியுள்ளார். கல்லறை இருந்த ஊருக்குக் கிறித்தவரும் இசுலாமியரும் வழிபட வந்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.
* பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசிய நூல்கள், சிலுவையின் முன் வேண்டிக்கொண்டிருந்தபோது பிராமணர் ஒருவர் அவரை ஈட்டியால் குத்தியதாகக் கூறுகின்றன.

இவற்றுள் மூன்றாவது செய்தி பரவியதில் மலைமேல் கிடைத்த கல்வெட்டின் தவறான வாசிப்புக்கும் பங்கு உண்டு.

ஆலயத்தின் வரலாறு

போர்த்துக்கீசியர் 1517 அளவில் மயிலாப்பூருக்கு வந்தனர். 1523 இல் மலையுச்சியில் ஆலயம் ஒன்றை அமைத்தனர். மலையின் வட அடிவாரத்தில் உள்ள நுழைவாயிலின் மேல் 1547 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அதே ஆண்டில் மலைமேல் கட்டடப் பணிக்காக நிலத்தைத் தோண்டியபோது கற்சிலுவை வெளிப்பட்டது.

1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது இச்சிலுவையில் செந்நிற நீர் கசிந்ததாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. இந்நிகழ்வு 1704 வரை பல முறை நேர்ந்ததாகக் கூறுவர். இதனால் இது "இரத்தம் வடிந்த சிலுவை" எனப் பெயர் பெற்றது. டிசம்பர் 18, மரியாவின் பேறுகாலத்தை எதிர்நோக்கும் திருநாள் ஆகும். கி.பி. 656 இல் எசுப்பானியாவின் தொலேதோ நகரில் கூடிய சங்கம் இத்திருநாளை இந்நாளில் நிறுவியது. மலைமேல் உள்ள ஆலயம் இத்திருநாளின் பெயரையே தாங்கியுள்ளது.

மலைமேல் ஏறும் கற்படிகளை அமைத்தவர் கோஜா பெத்ரூசு உசுக்கான் என்னும் ஆர்மேனிய வணிகர் (இறப்பு: 1751). 1726 இல் அடையாற்றின் குறுக்கே மார்மலாங் பாலத்தைக் கட்டியவரும் இவரே. நகரிலிருந்து மலைக்குச் செல்வோர் ஆற்றைக் கடக்க இப்பாலம் உதவியது. பின்னர் அவ்விடத்தில் புதிய பாலம் கட்டப்பட்டு, மறைமலை அடிகள் பாலம் எனப் பெயரிடப்பட்டது.

மலையடிவாரம் ஆங்கிலேயர் காலத்தில் படைத்தளம் ஆயிற்று. 1759 பெப்ரவரியில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே இங்குப் போர் நடந்தது. இந்தியாவின் பெரும் முக்கோணவியல் அளவீட்டுக்காக வில்லியம் லாம்டன் 1802 இல் அளந்த முதல் அடிக்கோடும் இம்மலையின் அருகிலேயே தொடங்கியது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1986 பெப்ரவரி 5 அன்று இம்மலைக்கு வருகை தந்தார்.

கற்சிலுவை

சிலுவை தனியாக நிற்காமல் ஒரே கற்பலகையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. அதன் நான்கு முனைகளும் மொட்டு வடிவில் விரிகின்றன. அடியில் படிகளும், இருபுறமும் மேல்நோக்கி வளையும் இலைகளும் உள்ளன. மேலே ஒரு புறா இறங்குகிறது. இருபுறத் தூண்களின் மேல் மகர உருவங்களும் அவற்றை இணைக்கும் வளைவும் காணப்படுகின்றன. மகரமும் வளைவும் தென்னிந்தியக் கோயில் சிற்பங்களில் பரவலாகக் காணப்படும் கூறுகள் ஆகும். சிலுவையில் இயேசுவின் உடல் காட்டப்படவில்லை. கல்வெட்டு வளைவைச் சுற்றி ஓடுகிறது.

இதையொத்த எழுத்துடைய சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிறை முதலிய ஊர்களிலும் உள்ளன.

கல்வெட்டு வாசிப்புகள்

கல்வெட்டின் எழுத்து உள்ளூரில் எவருக்கும் தெரியாததாக இருந்தது. 1561 இல் போர்த்துக்கீசியர் அறிஞர் எனக் கருதப்பட்ட பிராமணர் ஒருவரை அழைத்து அதை வாசிக்கச் செய்தனர். தோமா இந்தியாவுக்கு வந்ததையும், சிலுவையின் முன் பிராமணர் ஒருவரால் குத்துண்டு இறந்ததையும் அது கூறுவதாக அவர் சொன்னதாகப் பதிவுகள் தெரிவிக்கின்றன. சில வரிகளே கொண்ட எழுத்திலிருந்து நீண்ட வரலாறு ஒன்று பெறப்பட்டது. ஐரோப்பிய நூல்கள் அதனை மூன்று நூற்றாண்டுகள் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தன.

1873 இல், தென்னிந்தியாவில் நீதிபதியாகப் பணியாற்றிய மொழியறிஞர் ஆர்தர் கோக் பர்னல், இது பகலவி எழுத்து என அறிவித்தார். பகலவி என்பது சாசானியப் பேரரசின் காலத்தில் பாரசீகத்தில் வழங்கிய, வலமிருந்து இடமாக எழுதப்படும் எழுத்து ஆகும். எழுத்தின் அமைப்பைக் கொண்டு கல்வெட்டை அவர் ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டினது எனக் கணித்தார். 1929 இல் விங்க்வொர்த் வெளியிட்ட வாசிப்பு, இது கிறித்துவிடம் ஒருவருக்காக இரக்கம் வேண்டும் மன்றாட்டு எனக் காட்டியது. 2002 இல் இத்தாலிய, இந்திய ஆய்வாளர்கள் இணைந்து வெளியிட்ட ஆய்வு அம்மனிதரின் பெயரைச் சபரிசோ என வாசித்தது. பெயரிலும் சில சொற்களிலும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. எனினும் இது இரக்கம் வேண்டும் சிறு மன்றாட்டு என்பதில் இவ்விரு வாசிப்புகளும் ஒத்துப்போகின்றன.

இதிலிருந்து இரு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, கல்வெட்டில் தோமாவின் பெயரோ, அவரைக் கொன்றவர் பற்றிய செய்தியோ இல்லை. ஆகவே தோமா இங்கு இறந்ததற்கோ, ஒரு சமூகத்தார் அவரைக் கொன்றதற்கோ இக்கல்லைச் சான்றாகக் காட்ட இயலாது. இரண்டாவது, போர்த்துக்கீசியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீகத் திருச்சபையோடு தொடர்புடைய கிறித்தவர்கள் சோழமண்டலக் கடற்கரையில் இருந்தனர் என்பதற்கு இது வலுவான சான்று. கேரளத்தில் கி.பி. 849 ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் சிலர் பகலவி எழுத்தில் கையொப்பமிட்டிருப்பது இதனோடு ஒப்பிடத்தக்கது.

வழிபாடு

இத்தலம் 2002 இல் உருவாக்கப்பட்ட செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. டிசம்பர் 18 ஆலயத்தின் முதன்மைத் திருநாள் ஆகும். தோமாவின் திருநாள் உரோமை வழிபாட்டு முறையில் முன்பு டிசம்பர் 21 இல் கொண்டாடப்பட்டது. 1969 ஆம் ஆண்டு நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் சூலை 3 ஆக மாற்றப்பட்டது. சிரிய மரபினர் தொன்றுதொட்டே சூலை 3 ஐக் கடைப்பிடிக்கின்றனர். தோமாவின் எலும்புகள் எதெசா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதன் நினைவாக அந்நாள் அமைந்தது.

படிகளையொட்டி இயேசுவின் பாடுகளைக் காட்டும் 14 சிலுவைப்பாதை நிலைகள் அமைக்கப்பட்டுள்ளன. தவக்காலத்தில் மக்கள் ஒவ்வொரு நிலையிலும் நின்று செபித்து மேலே ஏறுகின்றனர்.

இசை

இத்தலத்தோடு மூன்று இசை மரபுகள் தொடர்புடையன. கற்சிலுவையைச் செதுக்குவித்த பாரசீக மரபுக் கிறித்தவர்களின் வழிபாட்டு மொழி சிரியம். அவ்வழிபாட்டு மரபின் சிரிய மொழிப் பாடல்கள் கேரளத்தில் இன்றும் பாடப்படுகின்றன. போர்த்துக்கீசியர் காலம் முதல் இம்மலையில் இலத்தீன் வழிபாடு நடைபெற்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவகுத்தபின் தமிழ்ப் பாடல்கள் அவ்விடத்தைப் பெற்றன. சிலுவைப்பாதையின்போது நிலைக்கு நிலை பாடப்படும் பாடல்களில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் தொடர்ந்து பாடுவது தமிழகத்தில் பரவலான வழக்கம்.

கேரள சிரியக் கிறித்தவரின் மார்க்கங்களி என்னும் ஆடற்கலையும் மயிலாப்பூரோடு தொடர்புடையது. விளக்கைச் சுற்றி ஆடப்படும் இதன் பாடல் தோமாவின் வாழ்வையும் மயிலாப்பூரில் அவரது இறப்பையும் கூறுகிறது. ஆடுவோர் தலைப்பாகையில் மயிலிறகு சூடும் வழக்கமும் உண்டு.

காணத்தக்கவை

* பலிபீடச் சுவரிலுள்ள கற்சிலுவை. இதனைப் பலிபீடத்துக்கு எதிரே நின்று காணலாம்.
* அன்னை மரியா குழந்தையுடன் இருக்கும் பழைய ஓவியம். இதனை நற்செய்தியாளர் லூக்கா வரைந்தார் என்பதும், தோமா இந்தியாவுக்குக் கொண்டுவந்தார் என்பதும் மரபு.
* அடிவாரத்தில் உள்ள 1547 ஆம் ஆண்டு நுழைவாயில்.
* உச்சியிலிருந்து தெரியும் சென்னை நகரும் வானூர்தி ஓடுபாதையும்.

தோமா மரபோடு தொடர்புடைய மற்ற இரு இடங்கள் சைதாப்பேட்டை அருகேயுள்ள சின்னமலையும் மயிலாப்பூரிலுள்ள சாந்தோம் பேராலயமும் ஆகும். தோமா தங்கியதாகக் கூறப்படும் குகை சின்னமலையில் உள்ளது. அவரது கல்லறை எனக் கருதப்படும் இடம் சாந்தோமில் உள்ளது. பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1896 இல் நிறைவுற்றது.

போக்குவரத்து

பரங்கிமலையில் புறநகர்த் தொடர்வண்டி நிலையமும், 2016 இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையமும் உள்ளன. உச்சிவரை ஊர்திகள் செல்லும் சாலை இருப்பதால், படியேற இயலாத முதியோரும் ஆலயத்தை அடையலாம். ஆலயம் நாள்தோறும் வழிபாடு நடைபெறும் இடமாகையால், கற்சிலுவையை அருகில் காண விரும்புவோர் திருப்பலி இல்லாத நேரத்தில் செல்வது ஏற்றது.