கேட்ட நூல் கிடைத்ததா? உயர்கல்வி நூலகச் சேவையை மதிப்பிடும் முறை

கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களின் சேவையை மதிப்பிட இந்தியாவில் பரவலாகக் கையாளப்படும் அளவைகள், நூலகம் எவற்றை வைத்திருக்கிறது, எவ்வளவு செலவிடுகிறது என்பவற்றை அளக்கின்றனவேயன்றி, நூல் தேடி வந்தவர் அதைப் பெற்றுச் சென்றாரா என்பதை அளப்பதில்லை. தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு (நாக்) நூலகம் பற்றிக் கேட்டுவந்த விவரங்களில் முதன்மையானவை நூலக மேலாண்மை மென்பொருள், மின்னிதழ்ச் சந்தா, நூல் வாங்கிய ஆண்டுச் செலவு, நாள்தோறும் நூலகத்தைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கை ஆகியவையாகும். இவை தேவையற்றவை அல்ல. ஆயினும், வாயிற் பதிவேட்டில் கையொப்பமிட்டு உள்ளே சென்ற மாணவி தேடிய நூல் கிடைக்காமல் திரும்பினாலும் பயன்பாட்டுக் கணக்கில் அவர் ஒருவராகச் சேர்ந்துவிடுகிறார்.

இருப்பின் அளவு பயன்பாட்டைக் காட்டாது என்பதற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆலன் கென்ட் தலைமையில் நடந்து 1979-இல் வெளிவந்த ஆய்வு வலுவான சான்று. 1969-இல் அங்கு வாங்கப்பட்ட நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, 1975 வரை ஒருமுறைகூட இரவல் பெறப்படவில்லை என்று அது காட்டியது. கொள்முதல் செலவை மட்டும் நோக்கும் மதிப்பீட்டில் இந்த 40 விழுக்காடும் நிறைவாகவே கணக்காகும்.

இக்குறையை உணர்ந்தே பயனரிடம் நேரடியாகக் கேட்கும் ஆய்வுமுறைகள் தோன்றின. வணிகச் சேவைகளின் தரத்தை அளக்கப் பரசுராமன், சைத்தமல், பெர்ரி ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ‘சர்வ்குவால்’ என்னும் வினாநிரலைத் தழுவி, டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் அமெரிக்க ஆய்வு நூலகங்களின் சங்கமும் இணைந்து 2000-ஆம் ஆண்டையொட்டி ‘லிப்குவால்’ முறையை உருவாக்கின. அதன் 22 வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் பயனர், தாம் ஏற்கத்தக்க குறைந்த அளவு, விரும்பும் அளவு, உண்மையில் பெறும் அளவு என மூன்று மதிப்பெண்களை 1 முதல் 9 வரையிலான அளவையில் தருகிறார். எதிர்பார்ப்புக்கும் பெறுவதற்கும் உள்ள இடைவெளியே ஆய்வுக்குரிய பொருள். எனினும், நல்ல நூலகத்தைக் கண்டே அறியாத மாணவரின் எதிர்பார்ப்பு தாழ்ந்திருப்பதால் இடைவெளியும் சிறிதாகவே தோன்றும்; நூலகத்துக்கு வருவதையே கைவிட்டவரோ வினாத்தாளை ஏற்பதே அரிது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருவோர் மிகுந்த இந்தியச் சூழலில், மனநிறைவை மட்டும் அளப்பது தரங்குறைந்த சேவைக்கே நற்சான்று வழங்கும் அபாயம் உடையது.

எனவே மதிப்பீடு தொடங்க வேண்டிய இடம் தோல்வி. பால் கேன்டர் 1976-இல் முன்வைத்த கிடைப்புப் பகுப்பாய்வு இதற்கு வழிகாட்டுகிறது. ஒருவர் குறிப்பிட்ட நூலைத் தேடிவந்து பெறாமல் போவதற்கான காரணங்களை அது வரிசைப்படுத்திப் பிரிக்கிறது: நூலகம் அந்நூலை வாங்கவே இல்லை, வாங்கியது வேறொருவரின் இரவலில் உள்ளது, இரவலில் இல்லாத நூல் தவறான அடுக்கில் வைக்கப்பட்டோ காணாமல் போயோ இருக்கிறது, சரியான அடுக்கிலேயே இருந்தும் தேடுபவரால் கண்டெடுக்க இயலவில்லை. இந்நான்கு நிலைகளிலும் நூலகம் தனித்தனியே 90 விழுக்காடு வெற்றி கண்டாலும், ஒன்றையொன்று பெருக்கும்போது இறுதியில் நூலைப் பெறுபவர் ஏறத்தாழ 66 விழுக்காட்டினரே. மேலும், ஒவ்வொரு தோல்விக்கும் தீர்வு வேறு: முதலாவதற்குக் கொள்முதல், இரண்டாவதற்குக் கூடுதல் படியோ குறுகிய இரவல் காலமோ, மூன்றாவதற்கு அடுக்குச் சீரமைப்பு, நான்காவதற்குப் பயனர் பயிற்சி. காரணம் பிரிக்கப்படாத மதிப்பீடு இவற்றில் எதையும் சொல்லாது.

அளவீடு முடிவாக மாறியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகம். அங்கு மைக்கேல் பக்லண்டும் அவருடன் பணியாற்றியோரும் 1960-களின் பிற்பகுதியில் மேற்கொண்ட ஆய்வு, மிகுதியாக நாடப்படும் சில நூல்களே பற்றாக்குறையின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று காட்டியது. அதன்படி 1969-இல், நாட்டம் மிகுந்த நூல்களுக்கு மட்டும் குறுகிய காலமும் ஏனையவற்றுக்கு நீண்ட காலமும் தரும் மாறுபடும் இரவல் முறை நடைமுறைக்கு வந்தது. கேட்டது கிடைக்கும் விகிதம் உயர்ந்தது. உயர்ந்ததை உணர்ந்த மாணவர்கள் முன்னிலும் மிகுதியாக நூலகத்தை நாடினர். அவ்வாறு நாடியதாலேயே அவ்விகிதம் பின்னர் ஓரளவு சரிந்தது. இச்சரிவைத் தோல்வி எனக் கொள்வது பிழை. சேவை மேம்பட்டதால் தேவை வளர்ந்தது என்பதே அதன் பொருள். ஆகவே ஒரே ஆண்டின் ஒரே எண்ணைக் கொண்டு நூலகத்துக்குத் தரவரிசை வழங்குவது அறிவுடைமையாகாது.

இத்தகைய ஆய்வுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பருவத்துக்கு ஒருமுறை, தேர்வுக்கு முந்தைய வாரத்தையும் வழக்கமான ஒரு வாரத்தையும் தேர்ந்தெடுத்து, தேடிவந்த நூலின் பெயரையும் அது கிடைத்ததா என்பதையும் மாணவர் எழுதித்தரும் சிறு சீட்டைப் பெற்று, கிடைக்காத ஒவ்வொன்றையும் நூலகப் பணியாளர் அன்றே அடுக்கு வரை சென்று தடமறிந்தால் போதும். வேண்டுவது பணியாளரும் நேரமும். நூலகர் பணியிடங்கள் நிரப்பப்படாத கல்லூரிகளில் இதுவே கடினமானது என்பதை மறுக்க இயலாது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகாமல் காக்கும் பொறுப்பை நூலகத்தின்மேல் சுமத்துகிறது. அப்பொறுப்பு நிறைவேறுகிறதா என்பதை வாங்கிய நூல்களின் விலைப்பட்டியல் காட்டாது. அங்கீகாரக் குழுவின் படிவத்தில், கேட்டும் கிடைக்காத நூல்களின் விகிதத்துக்கும், அதற்கான காரணங்களுக்கும், அவற்றின்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கைக்கும் தனி இடம் ஒதுக்கப்பட வேண்டும். அவ்விகிதத்தை மறைக்காமல் தரும் நூலகத்துக்கு அதனாலேயே மதிப்பெண் குறையலாகாது.