இலவச மடிக்கணினியில் இருந்த இன்னொரு இயங்குதளம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும் கேள்வி: "பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடலாமா?" போடுவதற்கு முன், நம் மாநிலத்தில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கியதுதான் லினக்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அதை வைத்துப் பலர் பல பதிப்புகளை உருவாக்கினார்கள். 2004-இல் வந்த உபுண்டு அவற்றுள் ஒன்று. இணைய வேகம் குறைவாக இருந்த அந்நாட்களில், கேட்டவர்களுக்கு அதன் சிடி தபாலில் இலவசமாகவே வந்தது.

தமிழக அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007-ஐ ஒட்டி சுசே லினக்ஸுக்கு மாறத் தொடங்கியது. உரிமக் கட்டணம் மிச்சம், வைரஸ் தொல்லையும் குறைவு என்பதே காரணம். அதே 2007-இல் மத்திய அரசின் சி-டாக், 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம் அது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் நம் ஓசூர் வீடுகளுக்கு ஏற்றதுதான். இம்மூன்று மொழிகளுமே அதில் உண்டு.

2011 செப்டம்பரில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் வழியாக வாங்கப்பட்ட அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. என் அக்கா மகளுக்குக் கிடைத்ததிலும் இரண்டும் இருந்தன. "இது எதற்கு, இடத்தை அடைக்கிறது" என்று பாஸை அழித்தவன் நான்தான். மிச்சமிருந்த விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. அந்த மடிக்கணினி பரணுக்குப் போனது.

பாஸை விட்டுவைத்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. லினக்ஸ் பதிப்புகளுக்கும் காலாவதித் தேதி உண்டு. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இது சின்ன விஷயமல்ல. சிப்காட்டில் வேலை பார்க்கும் நமக்கு 'பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்' புதிதா என்ன? கம்ப்ரஸருக்குத் தேதி பார்த்து ஆயில் மாற்றுகிறோம். வீட்டுக் கணினிக்கு மட்டும் அது பழுதாகும்வரை காத்திருக்கிறோம்.

எனவே இயங்குதளத்தை அதன் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஆதரவு எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். உபுண்டுவில் பெயரே தேதியைச் சொல்லிவிடும்: 24.04 என்றால் 2024 ஏப்ரல். 'எல்.டி.எஸ்.' என்ற நீண்டகாலப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும், ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு. அதை அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. விண்டோஸில் பழகியவர்களுக்கு இது எளிது.

மாற்றும் முன் படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு வைஃபை, ஒலி, பிரின்டர் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். எல்லாம் சரியென்றால் மட்டும் நிறுவுங்கள். டாலி, ஆட்டோகேட் தேவைப்படுபவர்கள் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. இணையம், பிள்ளைகளின் படிப்பு, கடிதம், கணக்கு ஆகியவற்றுக்கு லினக்ஸ் தாராளம்.

நிறுவிய அன்றே ஆதரவு முடியும் மாதத்தை ஒரு சீட்டில் எழுதிக் கணினியின் அடியில் ஒட்டிவிடுங்கள். 2012-இல் நான் செய்யாமல் விட்டது அதுதான்.